கான்வி கோட்டைக்கு அப்பா அம்மாவோடு போக யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அடுத்த மாதம் வடக்கு வேல்ஸில் உள்ள கான்வி கோட்டைக்குக் கூட்டிப்போக ஆசை. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1283-இல் தொடங்கி 1287-க்குள் கட்டி முடித்த கோட்டை. எட்டு கோபுரங்களும் இன்னும் நிமிர்ந்து நிற்கின்றன. பாறையின் போக்குக்கேற்ப வளைந்து போகும் அந்தப் பெரிய மண்டபத்தை அப்பா பார்த்தே ஆகவேண்டும். கட்டட வேலையிலேயே காலம் கழித்தவர், சுவரைத் தடவிப் பார்க்காமல் நகரமாட்டார்.

கவலை அம்மாவின் முழங்கால்தான். கோபுரங்களுக்குள் குறுகலான சுழல் படிகள் என்று தெரியும், அதில் ஏற்றப்போவதில்லை. ஆனால் டிக்கெட் வாங்கும் இடத்திலிருந்து உள்முற்றம் வரை ஏற்றம் எப்படி? நடுவில் உட்கார பெஞ்ச் உண்டா? வயதானவர்களோடு போய்வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

மான்செஸ்டரிலிருந்து ரயிலில் வருகிறோம். லாண்டட்னோ ஜங்ஷனில் இறங்கி டாக்ஸி பிடிப்பதா, கான்வி ஸ்டேஷன் வரை போவதா? கான்வியில் கண்டக்டரிடம் முன்கூட்டியே சொன்னால்தான் வண்டி நிற்கும். ஊரைச் சுற்றியுள்ள மதில்மேல் அப்பாவும் நானும் நடக்க எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? கார்னார்வன் கோட்டையை அதே நாளில் சேர்க்கவில்லை, அம்மா தாங்கமாட்டார். மதியத்துக்குச் சைவச் சாப்பாடு கிடைக்கும் கடை பக்கத்தில் இருந்தால் அதையும் எழுதுங்கள்.