டகோமாவில் 285/70ஆர்17 டயர் உரசுமா?

கேள்வி: 2019 டொயோட்டா டகோமா டிஆர்டி ஸ்போர்ட் பிக்கப், வண்டியை 3 அங்குலம் உயர்த்தியாச்சு (லிஃப்ட்). இப்போது இருக்கும் டயர் 265/65ஆர்17 (அகலம் மி.மீ.யில் / பக்கச்சுவர் உயரம் அகலத்தின் சதவீதத்தில் / ரிம் அங்குலத்தில்). 285/70ஆர்17 போட்டால் உரசாமல் ஓடுமா?

பதில் 1: லிஃப்ட் மட்டும் போதாது நண்பரே. வண்டி உயரும், ஆனால் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயர் பின்பக்கம் கேபின் மவுன்ட்டிலும் (கேபினைச் சட்டத்தோடு பிணைக்கும் தாங்கி) மட்ஃப்ளாப்பிலும்தான் இடிக்கும், அந்த இடைவெளியை லிஃப்ட் கூட்டாது. முதலில் மட்ஃப்ளாப்பைக் கழற்றிப் பாருங்கள். அப்படியும் இடித்தால் மவுன்ட்டின் ஓரத்தை வெட்டி வெல்டிங் வைக்க வேண்டியதுதான்.

பதில் 2: ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் வரை உள்ள தூரம்) குறைந்த வீல் வாங்காதீர்கள், டயர் வெளியே தள்ளி நின்றால் திருப்பும்போது உரசல் கூடும். அலைன்மென்ட்டில் காஸ்டரை (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு பின்னே சாயும் கோணம்) கூட்டச் சொல்லுங்கள், கீழ் சஸ்பென்ஷன் ஆர்மின் கேமில் (சரிசெய்யும் போல்ட்டில்) கூட்டினால் சக்கரம் கொஞ்சம் முன்னே நகரும்.

பதில் 3: அப்புறம் விட்டம் 30.6 அங்குலத்திலிருந்து 32.7 ஆகிறது. மீட்டர் 60 மைல் காட்டும்போது உண்மையில் 64 போவீர்கள், கவனம்! ஸ்பேரும் அதே அளவில் வாங்கிவிடுங்கள்.