முள்ளங்கியை ஆராயப் போய்…

ஈரத்தாள்:

முள்ளங்கி என்றதும் ஊருக்கெல்லாம் சாம்பார் நினைவுக்கு வரும்; எனக்கு ஆய்வகத்தின் பெட்ரித் தட்டுதான் (மூடியுள்ள தட்டையான கண்ணாடிக் கிண்ணம்) நினைவுக்கு வரும். முதுகலைப் படிப்பில், உரம் நன்றாக மக்கிவிட்டதா என்று பார்க்கும் சோதனை என் தலையில் விழுந்தது. உரத்தை நீரில் கரைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் நனைத்த தாளின்மேல் விதைகளைப் பரப்ப வேண்டும். ஒப்பீட்டுக்கு இன்னொரு தட்டில் வெறும் நீர். அரைகுறையாக மக்கிய உரம் என்றால் அதிலுள்ள அம்மோனியாவும் கரிம அமிலங்களும் வேரைக் குட்டையாக்கிவிடும். முளைத்த விதைகளை எண்ணி, வேரை அளந்து, நீர்த்தட்டோடு ஒப்பிட்டால் விடை வந்துவிடும். இதற்கு முள்ளங்கியைத் தேடுவதற்குக் காரணம், அது காக்கவைக்காது. இரண்டு மூன்று நாளில் வேர் விட்டுவிடும்.

மூன்றாம் நாள் காலையில் தட்டைத் திறக்கிறேன், ஒவ்வொரு வேரைச் சுற்றியும் வெள்ளை வெளேரென்று பஞ்சு! பக்கத்து மேசை அண்ணன் எட்டிப் பார்த்து, "பூஞ்சணம்தான், சந்தேகமே இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இருபத்து நான்கு தட்டுகளையும் கொட்டினேன். கண்ணாடியைக் கழுவி, வேகவைத்துக் கிருமி நீக்கி, மறுபடி விதைத்தேன். மறுபடியும் பஞ்சு.

அழாத குறையாக வழிகாட்டியிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் தெளிப்பானை எடுத்துப் புஸ்ஸென்று நீர் அடித்தார். பஞ்சு முழுவதும் வேரோடு படிந்து காணாமல் போயிற்று. "வேர் நுனி மட்டும் மொழுமொழுவென்று இருக்கிறதே, பார்த்தாயா அம்மா? பூஞ்சணத்துக்கு நுனி, நடு என்ற கணக்கெல்லாம் கிடையாது. இது வேர்த்தூவி, நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்மயிர். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்திருப்பாயே!" குறித்திருக்கிறேன். பத்துக்குப் பத்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

உங்களிடமும் முள்ளங்கிக் கதை இருந்தால் எழுதுங்கள். வெற்றிக் கதை வேண்டாம்.

கரும்பலகை:

முப்பது ஆண்டு தாவரவியல் கற்பித்தவன் நான். பன்மடியம் (குரோமோசோம் தொகுதிகள் இரண்டுக்கு மேல் பெருகுவது) பாடம் வந்தால் கார்பெச்சென்கோவின் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. 1920களில் சோவியத் மரபியலாளர் கியோர்கி கார்பெச்சென்கோ முள்ளங்கியையும் முட்டைக்கோஸையும் கலந்தார். இரண்டுக்கும் குரோமோசோம் 18. பிள்ளைச் செடி தளதளவென்று வளர்ந்தது, விதைதான் பிடிக்கவில்லை. முள்ளங்கி தந்த ஒன்பதுக்கும் கோஸ் தந்த ஒன்பதுக்கும் ஜோடி பொருந்தவில்லை. அபூர்வமாக, எண்ணிக்கை பாதியாகக் குறையாத பாலணுக்கள் ஒன்றுசேர்ந்து சில விதைகள் கிடைத்தன. அவற்றில் 36. அந்தச் செடிகள் காய்த்து விதையும் கொடுத்தன. காயைக் கரும்பலகையில் வரைவது எனக்கு மிகவும் பிடிக்கும்: அடிப்பாதி கோஸ் காயின் சாயல், மேல்பாதி முள்ளங்கிக் காயின் சாயல். அப்பா அம்மா இருவரையும் ஒரே முகத்தில் பார்ப்பது போல இருக்கும்.

மண்ணுக்குள் முள்ளங்கி, மேலே கோஸ் என்று ஆசைப்பட்டால், கிடைத்தது கோஸின் வேரும் முள்ளங்கியின் தழையும் என்று வகுப்பில் சொல்லிச் சிரிக்கவைப்பது வழக்கம். ஓர் ஆண்டு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "சார், அதற்காக அவருக்கு வேலை போய்விட்டதா?"

வகுப்பே சிரித்தது. தாவர விஞ்ஞானி வவிலோவின் நிறுவனத்தில் பணியாற்றிய கார்பெச்சென்கோவை 1941இல் கைது செய்து, அதே ஆண்டில் சுட்டுக் கொன்றார்கள். முள்ளங்கிக்காக அல்ல, மரபியலை எதிர்த்த லைசென்கோவின் கை ஓங்கி, மரபியலாளர் என்றாலே சந்தேகப்பட்ட காலம் அது. அதைச் சொன்னேன். மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அதற்குமேல் பாடம் ஓடவில்லை.

ஈரத்தாள்:

ஐயா, நாங்களும் அந்தக் காயைப் படித்தோம். அவருடைய முடிவை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

காரநெடி:

என் கதை துருவலில் தொடங்குகிறது. முழு முள்ளங்கிக்குள் அந்த நெடி இருக்காது. நெடிக்கு மூலமான குளுக்கோசினோலேட் என்ற வேதிப்பொருள் ஓரிடத்தில், மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்தில் என்று தனித்தனியாகக் கிடக்கும். வெட்டும்போதோ துருவும்போதோ செல்கள் உடைந்து, இரண்டும் சந்தித்த பிறகுதான் மூக்கில் ஏறும். இதைத் தேர்வில் இரண்டு பக்கத்துக்கு எழுதியவன் நான். ஆனால் செய்தது என்ன? குளுக்கோசினோலேட்டை அளப்பதற்காக இரண்டு கிலோவைத் துருவி, குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, மிச்சத்தைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் ஆய்வகத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அளவுக்கருவியின் வரைபடத்தில் மேடு வர வேண்டிய இடத்தில் கோடு சப்பையாகப் படுத்துக் கிடந்தது. நான் தேடிய பொருளை நொதி இரவோடு இரவாகத் தின்றுவிட்டது. வெட்டிய கையோடு திரவ நைட்ரஜனில் போட்டு உறையவைத்திருக்க வேண்டும். முள்ளங்கிப் பத்தை போல எண்ணி வைத்த நோட்டுகளுக்கு வாங்கிய ரசாயனம், நிஜ முள்ளங்கியால் வீணாயிற்று.

ஜப்பானியரின் தகுவான் என்ற முள்ளங்கி ஊறுகாய் மஞ்சளாவதற்கும் இந்தக் குளுக்கோசினோலேட் சிதைவதுதான் காரணம். அவர்கள் கெடவிட்டு ருசித்துச் சாப்பிடுகிறார்கள். நான் கெடவிட்டுத் திட்டு வாங்கினேன்.

பால்கனிக்காரன்:

கரும்பலகை ஐயா சொன்ன அந்த முள்ளங்கித் தழை எங்கள் வீட்டிலும் விளைந்தது. 2020 நவம்பர் 30 அன்று விண்வெளி நிலையத்தில் விண்வெளி வீராங்கனை கேட் ரூபின்ஸ் 20 முள்ளங்கிச் செடிகளை அறுவடை செய்தார். 27 நாள் பயிர். செய்தியைப் படித்த மகள், "அப்பா, நாமும் ஆராய்ச்சி செய்வோம்" என்று குதித்தாள். அங்கே எல்.இ.டி. விளக்கு, கேமரா, 180க்கு மேற்பட்ட சென்சார்கள். இங்கே ஒரு பழைய பெயின்ட் வாளியும் மதியம் வரை எட்டிப் பார்க்காத வெயிலும். பாக்கெட் விதை முழுவதையும் அவள் அதே வாளியில் கொட்டியதை நான் கவனிக்கவில்லை.

ஐம்பதாம் நாள் பிடுங்கினோம். கீழே எலிவால் தடிமனுக்கு ஒரு வேர், மேலே ஒரு முழம் கீரை. நெருக்கமும் நிழலும் சேர்ந்தால் கிழங்கு திரளாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவர்கள் தங்கள் செடிகளைத் தகடு தாளில் சுற்றி, பூமிக்கு அனுப்புவதற்காகக் குளிரில் வைத்தார்கள். நாங்கள் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தோம். மகள் நோட்டில் எழுதிய முடிவு: "உப்பு கொஞ்சம் குறைவு."