‘டெக்னிக்கல் ஃபவுல்’: ஒழுங்குத் தவறு என்று வைக்கலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஹட்டன் பக்கத்துப் பாடசாலைப் பயிற்றுவிப்பாளர்களுக்காகக் கூடைப்பந்தாட்ட விதிகளை இரண்டு பக்கத்துக்குள் தமிழில் சுருக்கிக்கொண்டிருக்கிறேன். ‘டெக்னிக்கல் ஃபவுல்’ வந்ததும் பேனை நின்றுவிட்டது. கைவசமுள்ள பழைய தாளில் ‘தொழினுட்பத் தவறு’ என்றிருக்கிறது. புள்ளிப் பலகை பழுதானதற்கா தண்டனை என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

உலகக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனமான ஃபிபாவின் விதிகளில் (கால்பந்துக்காரர்களின் ஃபிஃபாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) இது 36ஆம் பிரிவு. ஆட்டக்காரர் செய்தால், உடல் மோதாமல் நடத்தையால் வரும் தவறு: நடுவரின் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமை, எதிரணியைச் சீண்டுதல், கண்ணெதிரே கையாட்டி மறைத்தல், அடிபட்டதுபோல் நடித்து விழுதல். வாங்கில் இருப்பவர்கள் செய்தால், நடுவரிடமோ புள்ளி எழுதும் மேசை அலுவலரிடமோ எதிரணியிடமோ மரியாதை கெட்டுப் பேசுவதும் அவர்களைத் தொடுவதும். நடைமுறை மீறல்களும் இதில் அடங்கும். தண்டனை, எதிரணிக்கு ஒரு தனி எறிதல் (ஃப்ரீ த்ரோ).

இதுவரை வந்த யோசனைகளுக்கு என் பதில்:

> நடத்தைத் தவறு என்றால் போதுமே.

பாதிக்குப் பொருந்தும். தலைமைப் பயிற்றுவிப்பாளர் எழுந்து நிற்கும்போது உதவிப் பயிற்றுவிப்பாளரும் கூடவே நிற்கக்கூடாது. வாங்குப் பகுதிக் கோட்டைத் தாண்டி நடக்கவும் கூடாது. வாயே திறக்காமல் நின்றாலும் விதி மீறல்தான். அதை நடத்தை என்று சொல்ல மனம் வரவில்லை.

> ஒழுக்கத் தவறு?

வேண்டவே வேண்டாம். பெண்பிள்ளைகள் அணியோடு வந்த ஆசிரியரின் பெயருக்கு எதிரே இப்படி எழுதினால், அன்று மாலையே தேநீர்க் கடைவரை கதை போய்விடும். மறுநாள் ஒழுக்காற்று விசாரணை எங்கே என்று பெற்றோர் கேட்பார்கள்.

> விளையாட்டுப் பண்பு மீறிய தவறு?

நல்ல சொல், ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. ஆட்டக்காரர் பந்தை விட்டுவிட்டு ஆளை இழுப்பது போன்ற மோதல் தவறு தனி வகை; அதற்கு இரண்டு எறிதலும் பந்தும் எதிரணிக்குப் போகும். இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால் மேசையில் சண்டைதான் வரும்.

ஆகவே ‘ஒழுங்குத் தவறு’ என்று முன்மொழிகிறேன். நாடாளுமன்றச் செய்திகளில் ‘ஒழுங்குப் பிரச்சினை’ என்று படித்துப் பழகியிருக்கிறோம். அங்கே யாருடைய குணத்தையும் யாரும் சந்தேகிப்பதில்லை. நடைமுறைக்கும் நாவடக்கத்துக்கும் இந்த ஒரு சொல் போதும்.

இன்னொன்று. வாங்கில் யார் வாய் தவறினாலும் கணக்கு தலைமைப் பயிற்றுவிப்பாளர் பெயரில்தான் விழும். அவரே செய்தால் புள்ளித் தாளில் ‘சீ’ (C) என்ற ஆங்கில எழுத்து, வாங்கிலுள்ள மற்றவர் செய்தால் ‘பீ’ (B). இரண்டு ‘சீ’ விழுந்தால் அவர் வெளியே. ‘பீ’யும் சேர்ந்து மூன்றானாலும் வெளியே. இந்த வேறுபாட்டுக்கும் தமிழ் வேண்டுமா?

*

கண்டியிலிருந்து எழுதுகிறேன். நடுவராக நிற்பவன்.

டீச்சர், சொல் எனக்குச் சம்மதம். ஆடுகளத்தில் ‘டெக்னிக்கல் கொடுத்துவிட்டார்’ என்றுதான் சொல்வார்கள், அதை மாற்ற முடியாது. தாளில் இருந்தால் போதும். ஆனால் எப்போது கொடுப்பது என்பதையும் உங்கள் இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். சண்டை வருவது அங்கேதான்.

நான் செய்வது இது. முடிவு பிடிக்காமல் இரண்டு கையையும் விரித்து ‘ஐயோ’ என்றால் கேட்காததுபோல் ஓடிவிடுவேன். அதே முடிவைப் பிடித்துக்கொண்டு மறுபடி கத்தினால், பந்து நின்ற நேரம் பார்த்து அருகே போய், தாழ்ந்த குரலில் ஒருமுறை சொல்வேன். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் விசில். ‘எவ்வளவு வாங்கினாய்?’ என்று கேட்பவருக்கும் மேசையில் அறைபவருக்கும் எச்சரிக்கையே கிடையாது. சனத்தின் பக்கம் திரும்பிக் கையை உயர்த்துபவருக்கும் அப்படித்தான். மலையில் பல ஆடுகளங்களில் பக்கக்கோட்டுக்கும் சனத்துக்கும் இடையே ஓர் எட்டுத்தான் இருக்கிறது. அங்கே அவர் மூட்டும் தீயை அணைக்க நான் மட்டும் போதாது.

சில நடுவர்கள் முதல் மூன்று கால்பகுதியும் பொறுத்துக்கொண்டு, கடைசி நிமிடத்தில் கொடுப்பார்கள். அது எனக்கு ஒப்பாது. முதல் கால்பகுதியில் சும்மா விட்ட வார்த்தைக்குக் கடைசியில் ஒரு புள்ளி பறித்தால், கேட்க அவருக்கு நியாயம் இருக்கிறது.

*

அண்ணன், நன்றி. நீங்கள் சொன்ன வரிசையை அப்படியே சேர்க்கிறேன்.

நேரத்தோடு எச்சரிக்க இங்கே இன்னொரு காரணமும் உண்டு. வெளியேற்றப்பட்டவர் உடைமாற்றும் அறையில் இருக்க வேண்டும், அல்லது கட்டடத்தை விட்டுப் போக வேண்டும் என்பது விதி. நம் பாடசாலைகளில் அது பூட்டிய வகுப்பறையாகவோ கேற்றுக்கு வெளியே வீதியாகவோதான் இருக்கும். முதல் உதவிப் பயிற்றுவிப்பாளர் இல்லாவிட்டால் அணித்தலைவரே பயிற்றுவிப்பாளர் பொறுப்பை ஏற்க வேண்டும். தோட்டப் பாடசாலை அணியோடு பஸ்ஸில் வருவது பெரும்பாலும் ஒரே ஒரு ஆசிரியர். அவர் போய்விட்டால், ஆடிக்கொண்டே மாற்று ஆட்டக்காரரையும் இடைநிறுத்தத்தையும் கேட்க வேண்டியது ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை. இதற்காக வாய் கெட்டவரை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் முதல் ‘சீ’ விழுந்ததும், இன்னொன்று விழுந்தால் என்ன ஆகும் என்பதை நடுவர் அவருக்கு ஒருமுறை சொல்லிவிடலாம்.

‘சீ’, ‘பீ’ எழுத்துகளை மாற்றவில்லை. மேசையில் இருக்கும் பிள்ளை அச்சிட்ட தாளைத்தான் நிரப்புகிறது. அதற்குப் புது எழுத்துப் பழக்கினால் பிழைதான் கூடும். விளக்கத்தில் மட்டும் ‘தன் தவறு’, ‘வாங்குத் தவறு’ என்று எழுதுகிறேன். தோட்டத்தில் வேலைநாள் பதியும் செக்ரோலில் பெயர் விழுவதை அறிந்தவர்களுக்கு, மற்றவர் தவறும் தம் பெயரில் ஏறும் என்பதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

அச்சுக்குப் போகும் வாசகம் இது:

ஒழுங்குத் தவறு: உடல் மோதல் இல்லாமல், நடத்தையாலோ நடைமுறை மீறலாலோ வரும் தவறு. வாங்கில் எவர் செய்தாலும் தலைமைப் பயிற்றுவிப்பாளர் பெயரில் பதியப்படும். வாங்கிலிருந்து வரும் இத்தவறு அணித் தவறுகளின் எண்ணிக்கையில் சேராது.

‘பதியப்படும்’ என்பதற்குப் பதிலாக ‘ஏறும்’ என்று போடலாமா என்று யோசிக்கிறேன். மற்றபடி மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.