சீட் பெல்ட்டின் கடைசி ஒரு சாண்

அல்சூர்வாசி:
பழைய கார் வாங்கி ஏமாந்த கதை இங்கே எல்லாரிடமும் ஒன்று இருக்கும். என் கதையில் ஒரே ஒரு காட்சிதான் இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

2023 பிப்ரவரி, கையில் இரண்டரை லட்சம். 2014 மாடல் வேகன் ஆர், பெங்களூர் சர்ஜாபுரா சாலையில் ஓர் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் நின்றது. ஒரே உரிமையாளர், முகம் தெரிகிற பாலிஷ், டாஷ்போர்டில் இரண்டு வாசனைப் புட்டிகள். ஒரு காருக்கு எதற்கு இரண்டு என்று அப்போது தோன்றவில்லை. 2.30 லட்சத்துக்கு முடித்தேன். ஏப்ரலில் முதல் கோடை மழை. டிரினிட்டி சிக்னலில் கதவுக் கண்ணாடி தானாக இறங்கியது. ஹாரன் நிற்காமல் அலறியது. மர்பி டவுனில் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. சீட் பெல்ட்டைக் கிணற்றுக் கயிறு போல மெதுவாக, முழுவதும் இழுத்தார். கடைசி ஒரு சாண் மட்டும் காவி நிறம். அது தொடங்குகிற இடத்தில் ஸ்கேல் வைத்துக் கிழித்தாற்போல ஒரு கோடு. நகத்தால் சுரண்டினார், தூள் உதிர்ந்தது. "தம்பி, போன செப்டம்பர் தண்ணீரில் நின்ற வண்டி இது."

2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கமெல்லாம் மூழ்கி, ஆட்கள் டிராக்டரில் வேலைக்குப் போனதை நானும்தான் பார்த்தேன். அந்தக் கார்கள் பிறகு எங்கே போயின என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஓசூர் சாலைப் பயணி:
கோபித்துக்கொள்ளாதீர்கள். வெள்ளம் வந்த சாலைக்கே, ஐந்தே மாதத்தில் போய் வாங்கிவிட்டு விற்றவரைக் குறை சொல்லலாமா? என் வண்டி மாமாவுடையது, ஓசூர் பதிவு, டி.என். 70. இன்றுவரை ஒரு தொல்லை இல்லை. அவ்வளவுதான் என் கதை.

இனி வாங்குகிறவர்கள் கேளுங்கள். பகலில் போங்கள். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள், ஸ்டெப்னி கிடக்கும் குழியில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள், சீட் தண்டவாளத்துத் திருகாணிகளைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2214 என்றால் 2014-இன் 22-ஆம் வாரம் செய்தது. ஐந்து டயரும் வெவ்வேறு வருடம் காட்டினால் ஏன் என்று கேளுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், வங்கிக் கடன் பதிவு இருந்தால், அது நீங்கும்வரை முன்பணமும் தராதீர்கள்.

ஜீவன் பீமா நகர் அக்கா:
முன்னவர் எழுதியது எல்லாம் சரி, ஆனால் இதையெல்லாம் பார்க்கத் தெரிந்தவர் கூட வரவேண்டுமே. எனக்குச் சித்தப்பா வந்தார், முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஆல்டோ, மீட்டரில் 38,000 கிலோமீட்டர். சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் கிளச் பெடலை ஒருமுறை மிதித்தார். "ரப்பர் மொழுமொழுவென்று இருக்கிறது. இது ஒரு லட்சம் தாண்டிய கால் மிதித்த பெடல். வாம்மா, போகலாம்." தரகர் அதற்குப் பிறகு எங்கள் முகத்தையே பார்க்கவில்லை.

எனக்கு நெருடுவது இதுவல்ல. நாங்கள் வாசலுக்கு வரும்போது ஒரு கணவனும் மனைவியும் உள்ளே போனார்கள். அந்தப் பெண் கையில் பையில் மாலை, எலுமிச்சம்பழம். அதே ஆல்டோவுக்குத்தான். தமிழ்தான் பேசிக்கொண்டு போனார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சித்தப்பா என் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்துவிட்டார்.

டெல்லி வண்டிக்காரன்:
ஓசூர் சாலைப் பயணிக்கு: டி.என். வண்டியைக் கர்நாடகத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்யவேண்டும், வாழ்நாள் வரியும் கட்டவேண்டும். செய்துவிட்டுத்தான் "தொல்லை இல்லை" என்கிறீர்களா? டெல்லியில் டீசல் வண்டிக்குப் பத்து வருடம், பெட்ரோலுக்குப் பதினைந்துதான் ஓடலாம் என்று அப்போது இருந்த கெடுவால் அங்கே மலிவு என்று நான் ஓர் எட்டு வயது டீசல் கார் கொண்டுவந்தேன். தடையில்லாச் சான்று, வரி, ஆர்.டி.ஓ. நடை எல்லாம் கூட்டினால் இங்கேயே வாங்கியிருக்கலாம்.

விற்றவன்:
எல்லாரும் வாங்கினவர் பக்கமே பேசுகிறீர்கள். நான் என் வண்டியை விற்றபோது, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்துப் போட்டுத் தரகரிடம் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து இரவு பதினொன்றரைக்குக் கோலாரிலிருந்து போலீஸ் அழைத்தது: "உங்கள் வண்டி ஒருவர்மேல் மோதியிருக்கிறது." பெயர் மாறாதவரை, விபத்து இழப்பீட்டுக்குப் பதிவில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருப்பதை அதன் பிறகுதான் வக்கீல் எனக்கு விளக்கினார். அடிபட்டவர் பிழைத்தார். வழக்கு நடக்கிறது, மேலே எழுதமுடியாது.

அல்சூர்வாசி:
பயணி அவர்களே, விற்றவரை நான் எங்கே குறை சொன்னேன்? வண்டியை என்ன செய்தேன் என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: இன்னும் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. போன வாரம் ஒருவர் பார்க்க வந்தார். அக்காவின் பதிவைப் படித்திருந்ததால் பெல்ட்டை நானே கடைசிவரை இழுத்துக் காட்டினேன். அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எண்பதுக்குத் தருவீர்களா" என்றார். ஒரு லட்சம் சொல்லியிருக்கிறேன்.