பலாக்கொட்டை: சாப்பாடா, மருந்தா?

வெயில்மழை:
சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் குப்பையில் போடுவதைப் பார்த்தால் மனசு பதறுது. 100 கிராம் பச்சைக் கொட்டையில் 6 கிராமுக்கு மேல் புரதம். அதே எடை சுளையில் 2 கிராம்கூட இல்லை. நார், பொட்டாசியம், இரும்பு எல்லாம் இருக்கு. தினம் ஒரு கைப்பிடி சாப்பிட்டால் ரத்தசோகை தீரும், புற்றுநோய் அண்டாது.

அளவுகோல்:
புரதக் கணக்கு சரி. மற்ற ரெண்டையும் ஒத்துக்க முடியாது. 100 கிராமில் இரும்பு சுமார் 1.5 மில்லிகிராம். மாதவிடாய் வரும் வயதில் ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 18 மில்லிகிராம் போல வேணும். அதுவும் தாவர உணவில் இருக்கும் இரும்பை உடம்பு கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். என் தங்கச்சி இப்படி ஒரு குறிப்பை நம்பி இரும்பு மாத்திரையை ரெண்டு மாசம் நிறுத்தினாள். மாடிப்படி பாதி ஏறினவள், சுவரைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே உட்கார்ந்துட்டாள். உதடெல்லாம் வெளுத்திருந்தது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

வெயில்மழை:
படிக்கவே கஷ்டமா இருக்குங்க. மாத்திரையை நிறுத்துன்னு நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் ஜாக்கலின்? கொட்டையில் இருக்கும் அந்தப் புரதம் புற்றுசெல்லின் மேற்பரப்பில் போய் ஒட்டுதுன்னு ஆய்வே இருக்கே.

அளவுகோல்:
ஒட்டும், உண்மைதான். அது லெக்டின் வகை, அதாவது செல்லின் மேல் இருக்கும் சர்க்கரை மூலக்கூறுகளைப் பிடிச்சுக்கும் புரதம். ஐஜிஏ1 என்ற எதிர்பொருளைப் பிரித்தெடுக்க ஆய்வகத்திலேயே அதைப் பயன்படுத்துறாங்க. ஆனால் கண்ணாடித் தட்டில் நடப்பது வயிற்றுக்குள் நடக்கணும்னு இல்லை. கொட்டையைப் பச்சையாகத் தின்னவும் கூடாது. டிரிப்சின் தடுப்பான் இருக்கு, புரதம் செரிப்பதைக் கெடுக்கும். நல்லா வேகவெச்சா தடுப்பான் பெரும்பாலும் செயலிழக்கும். அந்தச் சூட்டில் ஜாக்கலினும் உருக்குலையும். அப்புறம் எது போய் ஒட்டும்?

ஆறுகொட்டை:
நான் சர்க்கரைக்காரன். இதில் மாவுச்சத்துதான் அதிகம், அதை யாருமே பேசலை. ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத மாவு, வேகவெச்சு ஆறவெச்சா அது இன்னும் கூடும். அதனால் சர்க்கரை மெதுவாக ஏறலாம். அதுக்காக இஷ்டத்துக்கு அள்ள முடியாது. நான் ஆறு கொட்டையோட நிறுத்திக்குவேன், அந்த வேளைக்கு வேற மாவுச்சத்தைக் குறைச்சுக்குவேன். செரிக்காத மாவு பெருங்குடலில் நொதிப்பதால் வாயு வரும். வயிறு உப்புதுன்னு சொல்றவங்க பொய் சொல்லலை.

வெயில்மழை:
புற்றுநோய் வரியை வாபஸ் வாங்கிக்கறேன், ரத்தசோகை வரியையும். ஆனால் தூக்கி எறியாதீங்க என்பதில் மாற்றமே இல்லை! மேலே இருக்கும் வெள்ளைத் தோலை உரிச்சுட்டு, விரலால் நசுக்கினால் மாவாக உடையும் வரை வேகவைங்க. உள்ளே ஒட்டின பழுப்புத் தோலைச் சுரண்டித் தள்ளாதீங்க, நாரும், பாலிபீனால் என்ற தாவரச் சேர்மமும் அதில் இருக்கு. சுடுவதானால் முதலில் கத்தியால் ஒரு கீறல் போடுங்க, இல்லைன்னா வெடிச்சுக் கண்ணில் தெறிக்கும்.

அளவுகோல்:
இப்படிச் சொன்னால் எனக்குச் சண்டையே இல்லை. ஒண்ணு மட்டும் சேர்த்துக்குங்க: சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால், வேகவெச்ச தண்ணியைக் கொட்டினாலும் ஒரு பங்குதான் போகும். அவங்க மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.