நான்கு மணி நேரக் கொடியுடன் ஓடிய அன்று நான் செய்த தவறு

"பேஸர்தானே? சொன்ன வேகத்தில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு ஒதுங்க வேண்டியதுதானே, அதில் என்ன கஷ்டம்?" பேஸர் என்றால் மற்றவர்களுக்குச் சீரான வேகம் பிடித்துக்கொடுக்க முன்னால் ஓடுகிறவர். மாரத்தானில் உலக சாதனை முயற்சி ஒவ்வொன்றும் கைநழுவிப் போகும்போது நானும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். 42.195 கிலோமீட்டர் மாரத்தான் ஒன்றில், நான்கு மணி நேரத்தில் முடிக்க நினைக்கும் குழுவுக்கு நானே பேஸராக, நேரம் எழுதிய கொடியோடு கடைசிவரை ஓடிய பிறகு அந்தக் கேள்வி என் வாயில் வருவதில்லை.

நான்கு மணி நேரம் என்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி. என் சொந்த நேரம் அதைவிட அரை மணிக்கு மேல் குறைவு, அதனால் மூச்சே வாங்காது. அந்தச் சுலபம்தான் என்னை ஏமாற்றியது. ஓட்டம் தொடங்கியதும் கூட்டத்தின் சத்தம், லேசான இறக்கம், உடம்பில் முழுத் தெம்பு. உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் கடிகாரம் 5:20 என்று காட்டும், நாலு அடி வைப்பதற்குள் 6:05 என்று காட்டும். எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலை நம்பினேன். முதல் கிலோமீட்டர் பலகையைத் தாண்டியபோது 5:29. 'பரவாயில்லை, பின்னால் கைகொடுக்கும்' என்று நினைத்தேன்.

பத்தாவது கிலோமீட்டரில் 55 நிமிடம் 30 விநாடி. இருக்க வேண்டியது 56:53. 83 விநாடி முந்தியிருந்தேன். பதறிப்போய் அடுத்த கிலோமீட்டரை 5:55க்கு இழுத்தேன். அது இரண்டாவது தவறு. பின்னால் ஒட்டி வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள், ஒருவருடைய கால் என் குதிகாலில் பட்டது. வேகத்தைத் திருத்துவதென்றால் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குப் பரப்பி, பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் திருத்த வேண்டும். அன்று எனக்கு அது தெரியவில்லை.

எனக்கு நேர் பின்னால் ஒரு பெண் ஓடி வந்தார். தொடக்கக் கோட்டில் நிற்கும்போது, நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க இது மூன்றாவது முயற்சி என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. காலடிச் சத்தமும் மூச்சும் மட்டும்தான். என் அடியோடு அவர் அடி ஒத்து விழும். மூன்று அடிக்கு ஒரு மூச்சு, ஒரே சீராக. 27வது கிலோமீட்டர் வாக்கில் அது இரண்டு அடிக்கு ஒன்றானது. 29இல் தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் மூச்சோடு சேர்ந்துகொண்டது. 31ஐத் தாண்டியதும் எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். முப்பது பேர் இருந்த குழுவில் நாலு பேர் மிச்சம். அவர் இல்லை.

நான் 3:59:41க்கு முடித்தேன். கொடி சரியான நேரத்துக்கு வந்துவிட்டது, ஆனால் கொடியை நம்பி வந்தவர்கள் வரவில்லை. அவர் பத்து நிமிடம் கழித்து வந்து, என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றி இன்னும் என்னை உறுத்துகிறது. முதல் பத்து கிலோமீட்டரில் அவருடைய கால்களிலிருந்து அந்த 83 விநாடியை எடுத்துச் செலவழித்தது நான்.

அன்றிலிருந்து பழைய சாதனை முயற்சிகளின் நேரக் கணக்குகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். 2008 ஜனவரியில் துபாய் மாரத்தானில் எத்தியோப்பிய வீரர் ஹைலே கெப்ரெசெலாசி முதல் பாதியை 61:27க்கு ஓடினார். அப்போதைய உலக சாதனை அவருடையதே, 2:04:26. அந்தச் சாதனைக்கு இரண்டு பாதியும் சமமாக இருந்தால் 62:13 போதும். முக்கால் நிமிடம் முந்திப் போனவர் இரண்டாம் பாதிக்கு 63:26 எடுத்துக்கொண்டு 2:04:53க்கு வந்தார். சாதனை 27 விநாடியில் தப்பியது. அதே ஆண்டு பெர்லினில் 2:03:59 ஓடிய மனிதர் அவர். அவரையே மன்னிக்காத தூரம் இது.

2018 லண்டன் இன்னும் வலித்தது. பாலா ராட்கிளிஃபின் அப்போதைய பெண்கள் உலக சாதனையான 2:15:25ஐக் குறிவைத்து கென்ய வீராங்கனை மேரி கெய்டனி ஆண் பேஸர்களோடு கிளம்பினார். நல்ல வெயில். பாதித் தூரத்தை 67 நிமிடச் சொச்சத்தில், சாதனைக் கணக்குக்கு முன்னாலேயே கடந்தார். பேஸர்கள் கேட்ட வேலையைத்தான் செய்தார்கள். ஆனால் காலையில் போட்ட கணக்கு அந்த வெயிலுக்குச் சரியாக இருந்ததா? இரண்டாம் பாதியில் அவர் தளர்ந்து ஐந்தாவதாக வந்தார். தன் வேகத்தில் வந்த விவியன் செருயோட் 2:18:31க்கு வென்றார்.

அவசரம் ஒரு பக்கம் என்றால், பேஸர் தாக்குப்பிடிக்க முடியாமல் போவது இன்னொரு பக்கம். 2018 செப்டம்பர், பெர்லின். கென்ய வீரர் எலியுட் கிப்சோகேவுக்கு முன்னால் மூன்று பேஸர்கள். 15 கிலோமீட்டரைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் இருவர் விலகினார்கள். ஜோஸ்பாட் போயிட் ஒருவர் மட்டும் 25 வரை இழுத்துக்கொடுத்தார். மீதி 17 கிலோமீட்டர் கிப்சோகே தனியாள். நேரலையில் பார்த்தபோது பேஸர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போது அந்தக் கோபத்துக்காக வருந்துகிறேன். கிலோமீட்டருக்கு 2:53 வேகத்தில் முப்பது கிலோமீட்டர் என்றால் 86 நிமிடம் 30 விநாடி. அதைச் சீராக ஓடி, மிச்சத்தை விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்க எத்தனை பேரால் முடியும்? எனக்கு அரை மணி கைவசம் இருந்தும் சொதப்பினேன். அவர்களோ தங்கள் உச்சத்திலேயே ஓடிக்கொண்டு வேறொருவருக்குக் காற்றையும் தடுத்து, கணக்கையும் சுமக்கிறார்கள்.

பேஸர் சுமப்பது எதிர்க்காற்றை மட்டும் என்று நினைத்திருந்தேன். பின்னால் வருகிறவர் செய்ய வேண்டிய முடிவுகளையும் அவர்தான் சுமக்கிறார். 'இது சரியா, கூட்டவா, குறைக்கவா' என்ற யோசனையே இல்லாமல் ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடலாம். அந்த முதுகு விலகியதும் களைத்த தலைக்குள் அத்தனை கேள்வியும் ஒரே நேரத்தில் வந்து விழும். அன்று கிப்சோகே முதல் பாதியை 61:06, இரண்டாம் பாதியைப் பெரும்பாலும் தனியாக 60:33 ஓடி 2:01:39க்கு முடித்தார். பழைய சாதனையிலிருந்து 78 விநாடி குறைவு. அந்த ஓட்டத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது.

பாதியில் புதிய பேஸர்களை இறக்கினால் என்ன என்று கேட்கலாம். விதி அனுமதிக்காது. பேஸரும் தொடக்கத்திலிருந்தே ஓடி வர வேண்டும். 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் 41 பேஸர்கள் மாறி மாறி வந்தார்கள், முன்னால் போன வண்டி சாலையில் ஒளிக்கோடு போட்டுக் காட்டியது, கிப்சோகே 1:59:40க்கு ஓடினார். மனிதகுலத்துக்கே பெருமையான நாள், ஆனால் சாதனைப் பட்டியலில் அது ஏறவில்லை.

2023இல் சிகாகோவில் கென்ய வீரர் கெல்வின் கிப்டம் ஓடியதை நினைத்தால் இன்னமும் மனம் கனக்கிறது. முதல் பாதி 60:48. கூடவே வந்த டேனியல் மடெய்கோ பின்தங்கிய பிறகு இவர் வேகத்தைக் கூட்டினார், இரண்டாம் பாதி 59:47. மொத்தம் 2:00:35, அன்றைய புதிய உலக சாதனை. நாலே மாதத்தில், 24 வயதில், சாலை விபத்தில் போய்விட்டார்.

மறுபடி ஒருமுறை அதே கொடியைத் தூக்கினேன். இந்தத் தடவை கிலோமீட்டருக்கு ஒருமுறை தானாகவே ஒலித்து நேரம் குறிக்கும் கடிகாரத்தின் தானியங்கி லேப்பை அணைத்துவிட்டு, ஒவ்வொரு பலகையிலும் கையால் பட்டனை அழுத்தினேன். ஓடுபாதையை அளப்பது ஆகக் குறுகிய வழியில், ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி. கூட்டத்தில் வளைந்து வளைந்து ஓடும் நமக்குத் தூரம் கூடும், கடிகாரம் பலகைக்கு முன்பே ஒலித்துவிடும். பலகை சொல்வதை மட்டும் நம்பினேன். மணிக்கட்டில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு நேரம் எழுதியிருந்தேன். பத்தாவது கிலோமீட்டரில் நான்கு விநாடி தாமதம், அப்படியே விட்டேன். 31ஐத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. பின்னால் நிறையக் காலடிகள் கேட்டுக்கொண்டிருந்தன.