காயில்ஓவர்: கல் மாதிரி இறுக்கம், ஆனாலும் அடி தட்டுகிறது. அவசரம்

புழுதிப்பயல்: என் ஆஃப்-ரோடு பக்கி வண்டிக்குப் புது காயில்ஓவர் (ஸ்பிரிங் சுற்றிய ஷாக் அப்சார்பர்) போட்டேன். பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது, ஸ்பிரிங்கை மேலிருந்து அழுத்தும் ப்ரீலோடு நட்டை நன்றாக இறக்கினேன், உயரம் வந்துவிட்டது. இப்போது சின்ன மேட்டில்கூட முதுகு உதறுகிறது. ஆனால் வரிசை மேடுகளில் நாலாவதில் ஷாக் முழுசாக ஒடுங்கி 'டங்'கென்று அடி தட்டுகிறது. ஸ்பிரிங் மாற்றணுமா? நாளை மறுநாள் ஓட்டணும், சீக்கிரம் சொல்லுங்கள்.

நட்டுபோல்ட்டு: ஸ்பிரிங் ஒன்றா இரண்டா? என்ன ரேட் (ஒரு இஞ்ச் அமுக்க எத்தனை பவுண்டு)? ஷாக் டிராவல் (நீண்டு ஒடுங்கும் மொத்த தூரம்) எவ்வளவு? இதெல்லாம் சொல்லாவிட்டால் ஜோசியம்தான்.

மணல்வாசி: ஷாக்குக்குள் இருக்கும் நைட்ரஜன் போயிருக்கும். 200 பிஎஸ்ஐ ஏற்றுங்கள்.

நட்டுபோல்ட்டு: உங்களுக்கு ஹெட்லைட் எரியாவிட்டாலும் நைட்ரஜன்தான்.

பழைய_கை: தம்பி, இதெல்லாம் அரிச்சுவடி. ஆள் உட்கார்ந்து, டேங்க் நிரப்பி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளந்தீர்களா? ஜாக்கிலிருந்து இறக்கிய உடனே அளந்தால் டயர் ஒடுங்கி நின்று உயரம் பொய் சொல்லும். அப்புறம், ப்ரீலோடு ஏற்றினால் ஸ்பிரிங் இறுகாது. இதை எத்தனை தடவைதான் சொல்வது.

மணல்வாசி: இறுகாதென்றால் முதுகு ஏன் உதறுகிறதாம்?

பழைய_கை: 300 பவுண்டு ஸ்பிரிங்கை எவ்வளவு திருகினாலும் 300தான்.

நட்டுபோல்ட்டு: ரேட் மாறாது, சரி. ஆனால் அளவுமீறித் திருகினால் ஷாக் கிட்டத்தட்ட முழுசாக நீண்டு நிற்கும். பள்ளம் வந்தால் சக்கரம் இறங்க இடமில்லை, வண்டிதான் விழும். டிராவலில் மூன்றில் ஒரு பங்காவது கீழ்நோக்கி மிச்சம் வேண்டும்.

பழைய_கை: அதைத்தானே நானும் சொன்னேன்.

மணல்வாசி: எங்கே சொன்னீர்கள்? மேலே போய்த் தேடிவிட்டு வந்தேன்.

புழுதிப்பயல்: மன்னிக்கவும், வேலையில் மாட்டிக்கொண்டேன். ஸ்பிரிங் இரண்டு: மேலே 200, கீழே 300. டிராவல் 12 இஞ்ச். நான் உட்கார்ந்தால் 2 இஞ்ச்தான் உள்ளே போகிறது. எவ்வளவு ஒடுங்குகிறது என்று பார்க்க ஷாஃப்டில் கட்டிய கேபிள் டை, கடைசியில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் நசுங்கிக் கிடக்கிறது. ரீபவுண்ட் நாப் (ஷாக் திரும்ப நீளும் வேகத்தை மாற்றும் திருகு) வாங்கியபோது இருந்தபடியே இருக்கிறது.

ஓரமாய்_ஒருவன்: 200ம் 300ம் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் சேர்ந்து 120தான். நடுவில் உள்ள ஸ்லைடர் மேலே ஸ்டாப்பர் வளையத்தில் முட்டிய பிறகுதான் 300 தனியாக வேலை செய்யும். நீங்கள் நட்டை இறக்கியதில் ஸ்லைடரும் இறங்கி, வளையத்தை விட்டுத் தள்ளிப் போயிருக்கும். முட்டிய பிறகு கீழ் ஸ்பிரிங்கின் பலம் வளையம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது, ப்ரீலோடுக்கு அங்கே வேலையே இல்லை. அதனால்தான் ஷாக் அமுங்கத் தொடங்கும்போது இறுக்கம், கடைசியில் காலி. நட்டைக் கொஞ்சம் ஏற்றி, வளையத்தை இறக்குங்கள். ஆனால் முதல் மேட்டில் தட்டாமல் நாலாவதில் தட்டுகிறது என்றால் எனக்கு ரீபவுண்ட் மேல்தான் சந்தேகம். ஒவ்வொரு மேட்டுக்கும் ஷாக் முழுசாக நீளாமல் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்துகொண்டே போகும். முதலில் நாப்பைப் பாருங்கள், மற்றதை அப்புறம் தொடலாம்.

பழைய_கை: 120 என்பது ஷாக்கில். சக்கரத்தில் மோஷன் ரேஷியோவின் (சக்கரம் ஒரு இஞ்ச் நகர்ந்தால் ஷாக் எவ்வளவு நகர்கிறது என்பதன்) வர்க்கத்தால் பெருக்கணும். 0.6 என்றால் 43தான். யாரும் கணக்குப் போடுவதில்லை.

புழுதிப்பயல்: நாப் கடைசிவரை மூடியிருந்தது! 8 கிளிக் திறந்தேன், நாலாவது மேட்டில் தட்டவில்லை. வளையத்தில் நான் இன்னும் கைவைக்கவில்லை. நன்றி அண்ணா.

நட்டுபோல்ட்டு: முதுகு உதறல்? நட்டை ஏற்றினீர்களா? இப்போது எத்தனை இஞ்ச் உள்ளே போகிறது?

மணல்வாசி: நைட்ரஜன் எவ்வளவு இருந்தது என்றும் சொல்லுங்கள்.